ஆங்கிலக் கடிதத்தில் தமிழ் ஒளிந்திருக்கும் இடங்கள்

எழுதி முடித்த ஆங்கிலக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், பிழை இருந்தால் தானாகவே காதில் உறுத்தும் என்று பலரும் அறிவுரை சொல்வார்கள். ஆங்கிலமே வீட்டு மொழியாக வளர்ந்தவருக்கு அந்த அறிவுரை பலிக்கும். தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் திருவொற்றியூரிலும் வளர்ந்து, பள்ளியிலும் வேலையிடத்திலும் நம்மைப் போன்றவர்களிடமிருந்தே ஆங்கிலம் கற்றுக்கொண்ட நமக்கு அது பெரிதாக உதவாது. 'ஐ ஹேட் கம் யெஸ்டர்டே' என்ற தொடர் நம் காதில் எந்த உறுத்தலும் இல்லாமல் இறங்கிவிடும். ஏனென்றால் அதற்கு அடியில் 'நேற்று வந்திருந்தேன்' என்ற குறையில்லாத தமிழ் வாக்கியம் இருக்கிறது. ஆகவே காதை நம்பி உட்காராமல், எங்கெங்கே பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு கண்ணால் தேடுவதே நமக்கு ஏற்ற வழி.

தேட வேண்டிய இடங்கள் அப்படியொன்றும் அதிகமில்லை. ஒரே வேலையைத் தமிழ் ஒரு விதமாகவும் ஆங்கிலம் வேறு விதமாகவும் செய்யும் சில இடங்கள் இருக்கின்றன. அங்கேதான் திரும்பத் திரும்ப வழுக்குகிறோம். வடசென்னையில் ஆங்கிலத்தில் எழுதியாக வேண்டியவர்கள் பலர். ராஜாஜி சாலையில் கஸ்டம்ஸ் ஹவுஸை நம்பி இயங்கும் கிளியரிங் ஏஜென்சிகளில் வேலை பார்ப்பவர்கள், மணலி, மாதவரம் பக்கத்துக் கண்டெய்னர் யார்டுகளில் டாக்குமெண்டேஷன் பார்ப்பவர்கள், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.-இல் அப்ரெண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள், தெருவில் கழிவுநீர் தேங்குவதாக மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு மனு எழுதும் குடியிருப்போர் என்று இவர்கள் எழுதியவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், ஆளும் காரியமும் மாறினாலும் பிழைகள் அதே பிழைகளாக இருப்பதைக் காணலாம். கீழே வரும் ஆங்கிலத் தொடர்கள் அனைத்தையும் ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் படிக்கும்போது அதற்கு அடியில் எந்தத் தமிழ் வாக்கியம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே வாசிப்பில் எல்லாப் பிழைகளையும் பிடித்துவிட முயல வேண்டாம். எழுதியவருக்குத் தான் சொல்ல வந்தது தெரியும் என்பதால், கண் எழுத்தின் மேல் ஓடும்போதே மனம் பொருளை நிரப்பிக்கொண்டு போய்விடும். ஒரு சுற்றுக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டு, முதல் சுற்றில் வினைகளையும், அடுத்த சுற்றில் எழுவாயையும், பிறகு பெயர்ச்சொற்களையும், அதன்பின் வேற்றுமை உருபு வேலை செய்யும் இடங்களையும், கடைசியில் வாக்கியங்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களையும் பார்க்க வேண்டும். முக்கியமான விண்ணப்பம் என்றால் மொபைல் திரையில் பார்ப்பதைவிடப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரிண்ட் எடுத்து, கையில் பேனாவுடன், கடைசி வாக்கியத்திலிருந்து மேல் நோக்கிப் படித்து வருவது நல்லது. அப்படிப் படித்தால் கதையோட்டம் அறுந்துபோவதால், ஒவ்வொரு வாக்கியமும் தனியாகத் தன் குறையைக் காட்டும்.

முதல் சுற்று: வினைகள்

கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வினைமுற்றின் அடியிலும் கோடு இழுங்கள். நம்முடைய பிழைகளில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது என்பதால் இந்தச் சுற்றுக்கு மற்றவற்றைவிட அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

'ஹேட்' என்ற சொல்லை முதலில் தேடுங்கள். 'நேற்று உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன், மேலாளர் இல்லை' என்பது தமிழில் மிக இயல்பான பேச்சு. வினை 'இருந்தேன்' என்று முடிவதால் கை தானாக 'ஐ ஹேட் கம் டு யுவர் ஆஃபீஸ் யெஸ்டர்டே' என்று எழுதிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த 'ஹேட்'டுக்கு வேறு வேலை. நடந்து முடிந்த இரண்டு நிகழ்வுகளைச் சொல்லும்போது, அவற்றில் முந்தியது எது என்று காட்டுவதற்காக அது வருகிறது. 'வென் ஐ ரீச்ட் தி யார்ட், தி லாரி ஹேட் லெஃப்ட்' என்றால், நான் யார்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே லாரி கிளம்பிவிட்டது என்று பொருள். இரண்டாவது நிகழ்வே இல்லாமல் 'ஹேட்' போட்டால், படிப்பவர் அந்த இரண்டாவது நிகழ்வுக்காகக் காத்திருப்பார். ஓர் இறக்குமதியாளருக்கு 'வீ ஹேட் பெய்ட் தி டெமரேஜ்' (டெமரேஜ் என்பது சரக்கை எடுக்கத் தாமதமானால் கட்டும் தொகை) என்று மட்டும் எழுதி அனுப்பினால், எதற்கு முன் கட்டினார்கள், கட்டிய பிறகு ஏதாவது சிக்கலாகிவிட்டதா என்று அவர் போன் செய்து கேட்கத்தான் செய்வார். 'வீ பெய்ட் தி டெமரேஜ் ஆன் மண்டே' என்று எழுதியிருந்தால் அந்தப் போன் வந்திருக்காது. சோதனை எளியது: 'ஹேட்' கண்ட இடத்தில் 'எதற்கு முன்?' என்று கேளுங்கள். விடை கடிதத்தில் இல்லையென்றால் 'ஹேட்'டை எடுத்துவிட்டு வினையைச் சாதாரண இறந்த காலத்தில் எழுதுங்கள். 'இஃப்' என்று தொடங்கி, நடக்காத ஒன்றைச் சொல்லும் வாக்கியத்தில் வரும் 'ஹேட்' வேறு கணக்கு. அதைத் தொட வேண்டாம்.

அடுத்தது 'ஹேவ்', 'ஹேஸ்'. '2021-இல் பி.காம். முடித்திருக்கிறேன்' என்று தமிழில் சொல்வதில் குற்றமில்லை. ஆனால் 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை பி.காம். இன் 2021' என்பது ஆங்கிலத்தில் பிழை. நடந்து முடிந்த காலத்தை நேற்று, போன வாரம், 2021 என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டுவிட்டால் அங்கே 'ஹேவ்' நிற்கக் கூடாது. 'ஐ கம்ப்ளீட்டட்' என்றே எழுத வேண்டும். காலத்தைக் குறிப்பிடாமல், முடிந்துவிட்டது என்ற நிலையை மட்டும் சொன்னால் 'ஹேவ்' சரி. 'தி மெட்ரோ ஹேஸ் ரீச்ட் விம்கோ நகர்' என்பது சரி, 'தி மெட்ரோ ரீச்ட் விம்கோ நகர் இன் 2021' என்பதும் சரி. இரண்டையும் கலந்து 'ஹேஸ் ரீச்ட் விம்கோ நகர் இன் 2021' என்று எழுதுவதுதான் தவறு. வேலைக்கான விண்ணப்பங்களில் படிப்பு முடித்த ஆண்டைத் தவறாமல் எழுதுகிறோம் என்பதால், இந்தப் பிழையும் தவறாமல் முதல் பத்தியிலேயே வந்து நிற்கிறது.

'மூன்று வருடமாக வேலை செய்கிறேன்' என்பதில் வினை நிகழ்காலம். அதனால் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று எழுதுகிறோம். இதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. முன்பே தொடங்கி இன்றுவரை நீளும் செயலுக்கு ஆங்கிலம் 'ஹேவ் பீன் வொர்க்கிங்' என்று கேட்கிறது. அதோடு, 'சின்ஸ்' என்பதற்குப் பிறகு தொடங்கிய புள்ளி வர வேண்டும், 'ஃபார்' என்பதற்குப் பிறகு கால அளவு வர வேண்டும். ஐ.சி.எஃப்.-ஐ வைத்தே மூன்றையும் பார்த்துவிடலாம். 'ஐ.சி.எஃப். வாஸ் இனாகுரேட்டட் இன் 1955' என்பது முடிந்துபோன நிகழ்வு. 'ஐ.சி.எஃப். ஹேஸ் பீன் மேக்கிங் கோச்சஸ் சின்ஸ் 1955' என்பதில் 1955 தொடக்கப் புள்ளி. 'ஐ.சி.எஃப். ஹேஸ் பீன் மேக்கிங் கோச்சஸ் ஃபார் டிகேட்ஸ்' என்பதில் நீளம் மட்டும் சொல்லப்படுகிறது. தமிழில் 'இலிருந்து' என்று சொல்லத் தோன்றினால் 'சின்ஸ்', 'ஆக' என்று சொல்லத் தோன்றினால் 'ஃபார்' என்று பிடித்துக்கொள்ளுங்கள். 1955-இலிருந்து, மூன்று வருடமாக. பத்து நாட்களாகச் சாக்கடை வழிகிறது என்று மனு எழுதுபவரும் இதே இடத்தில் தடுமாறுவார்: 'ஹேஸ் பீன் ஓவர்ஃப்ளோயிங் ஃபார் டென் டேஸ்' என்பதே சரி.

'கப்பல் வரும்போது தெரிவிக்கிறோம்' என்பதில் 'வரும்' என்பது எதிர்காலத்தைக் காட்டும் வடிவம். அது ஆங்கிலத்துக்குப் போகும்போது 'வென் தி வெசல் வில் அரைவ், வீ வில் இன்ஃபார்ம் யூ' என்று ஆகிவிடுகிறது. 'வென்', 'இஃப்', 'ஆஃப்டர்', 'அன்டில்' போன்றவை தொடங்கும் இந்தத் துணைப் பகுதியில் ஆங்கிலம் 'வில்' போடாது. 'வென் தி வெசல் அரைவ்ஸ், வீ வில் இன்ஃபார்ம் யூ' என்று நிகழ்காலத்தையே வைத்துக்கொள்ளும். 'வென்' என்பதைத் தமிழில் 'போது' என்று சொல்ல முடிந்தால் 'வில்' கூடாது என்பது போதுமான அடையாளம். 'எப்போது' என்று கேள்வியாகச் சொல்ல முடிந்தால் 'வில்' வரலாம். அதைப் பின்னால் பார்ப்போம்.

இந்தச் சுற்றில் மீதி இரண்டும் சிறியவை. 'டிட்' வந்துவிட்டால் இறந்த காலத்தின் சுமையை அதுவே ஏற்றுக்கொண்டுவிட்டது. பின்னால் வரும் வினை காலம் காட்டாத மூல வடிவமாக நின்றால் போதும். 'டிட் நாட் கேம்', 'டிட் நாட் மெட்' எல்லாம் 'டிட் நாட் கம்', 'டிட் நாட் மீட்' என்று மாற வேண்டும். 'ஐ ஆம் ஹேவிங் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்', 'ஐ ஆம் நோயிங் டேலி' என்பவற்றில், வைத்திருத்தல், தெரிந்திருத்தல் போன்ற நிலைகள் செயல்களைப் போல ஓடிக்கொண்டிருப்பவை அல்ல என்பதால் 'ஐ ஹேவ்', 'ஐ நோ' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' என்பது சரியே, சாப்பிடுவது செயல். விதியைப் பாதி கற்றுக்கொண்டு, சரியாக இருந்த இதையும் சிலர் திருத்திவிடுகிறார்கள்.

எழுவாயும் வினையும்

இரண்டாவது சுற்றில், கோடிட்ட ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் எது என்று தேடி இரண்டையும் பொருத்திப் பாருங்கள். 'கண்டெய்னர்கள் வந்துவிட்டது' என்று நாம் அன்றாடம் பேசுகிறோம். அஃறிணைப் பன்மைக்கு ஒருமை வினை வைப்பது பேச்சில் யாருக்கும் குறையாகத் தெரிவதில்லை. அந்தப் பழக்கம் 'தி டாக்குமெண்ட்ஸ் வாஸ் சப்மிட்டட்' என்று வெளியே வருகிறது. உயர்திணை, அஃறிணை என்ற பேதம் ஆங்கில வினைக்குத் தெரியாது. 'தி டாக்குமெண்ட்ஸ் வேர் சப்மிட்டட்' என்றே இருக்க வேண்டும்.

இதைவிட நுட்பமான பிழை ஒன்று இருக்கிறது. அதை நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்களிடமும் காணலாம். 'தி லிஸ்ட் ஆஃப் கண்டெய்னர்ஸ் ஆர் அட்டாச்ட்' என்ற தொடரில், வினைக்குப் பக்கத்தில் நிற்கும் 'கண்டெய்னர்ஸ்' அதைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. இணைக்கப்பட்டிருப்பது பட்டியல், ஆகவே 'இஸ் அட்டாச்ட்'. 'தி கண்டிஷன் ஆஃப் தி ரோட்ஸ் நியர் மணலி ஆர் பேட்' என்பதிலும் மோசமாக இருப்பது 'கண்டிஷன்'. சாலைகள் அதன் அடைமொழி மட்டுமே. தாளில் 'ஆஃப்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, வினை வரும் இடம்வரை மூடிவிட்டு, மீதியைப் படியுங்கள்: 'தி லிஸ்ட்... இஸ் அட்டாச்ட்'. நீளமான அலுவலகக் கடிதங்களில் இந்த விரல் வேலை செய்வதுபோல் வேறெதுவும் செய்வதில்லை.

'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்பதற்கு விதி ஒன்றே: பலரில் ஒருவர் என்பதால் 'ஆஃப்' என்பதற்குப் பிறகு பன்மை, வினை மட்டும் ஒருமை. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் வொர்க்ஸ் இன் தி ஹார்பர்'.

பெயர்ச்சொற்களுக்கு முன்னால்

'எ', 'அன்', 'தி' ஆகிய மூன்றையும் எங்கே போடுவது என்பதுதான் தமிழ் பேசுபவர்களுக்கு ஆங்கிலத்தில் கடைசிவரை தொல்லை தருவது. தமிழில் அவற்றுக்கு நேரான சொற்கள் இல்லை. ஆனால் அந்த வேறுபாட்டை நாம் அறியாதவர்கள் அல்ல. தமிழ் அதை இரண்டாம் வேற்றுமை உருபால் காட்டுகிறது. 'லாரி அனுப்புங்கள்' என்றால் ஏதாவது ஒரு லாரி. 'லாரியை அனுப்புங்கள்' என்றால் இருவருக்கும் தெரிந்த, முன்பே பேசிய அந்த லாரி. ஆங்கிலத்தில் முதலாவது 'சென்ட் எ லாரி', இரண்டாவது 'சென்ட் தி லாரி'. அஃறிணைப் பொருள் செயப்படுபொருளாக வரும் இடங்களில் எல்லாம் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம்: மனத்துக்குள் அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லும்போது 'ஐ' உருபு ஒட்டிக்கொள்ள விரும்பினால் 'தி', விரும்பவில்லை என்றால் 'எ'. எல்லா இடத்துக்கும் இது விடை சொல்லாது. பத்தியில் முதன்முறை வரும் பொருளுக்கு 'எ', மறுமுறை வரும்போது 'தி' என்ற வழக்கமான குறிப்பையும் சேர்த்துக்கொண்டால், கடிதங்களுக்குத் தேவையான அளவில் பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

'எ'யா 'அன்'னா என்பது எழுத்தைப் பொறுத்தது என்று நினைப்பவர்கள் அதிகம். அது ஒலியைப் பொறுத்தது. உயிரொலியில் தொடங்கினால் 'அன்'. 'அன் ஐ.டி.ஐ. சர்ட்டிஃபிகேட்', 'அன் எம்.பி.ஏ.', 'அன் ஹவர்' ஆகியவை சரி. 'யுனிவர்சிட்டி' யகர ஒலியில் தொடங்குவதால் 'எ யுனிவர்சிட்டி'. 'ஒன்-வே' என்பதை நாம் ஒகரத்தில் எழுதினாலும் ஆங்கிலத்தில் அது வகர ஒலியில் தொடங்குவதால் 'எ ஒன்-வே ரோட்' என்றே வரும்.

ஊர்ப் பெயர்களில் கால்வாய், ஆறு, கடல் ஆகியவற்றுக்கு 'தி' வேண்டும். சாலை, ரயில் நிலையம், ஊர் ஆகியவற்றுக்கு வேண்டாம். 'தி பக்கிங்ஹாம் கெனால்', 'தி பே ஆஃப் பெங்கால்' என்று எழுத வேண்டும், 'டி.எச். ரோட்', 'ராயபுரம் ஸ்டேஷன்', 'வண்ணாரப்பேட்டை' என்பவற்றை அப்படியே விட்டுவிட வேண்டும்.

எண்ண முடியாத பெயர்கள் என்று ஆங்கிலம் ஒதுக்கிவைத்திருக்கும் சிலவற்றை நாம் தாராளமாகப் பன்மையாக்கிவிடுகிறோம். 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'எக்விப்மெண்ட்ஸ்', 'மெஷினரிஸ்', 'லக்கேஜஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்', 'அட்வைசஸ்' ஆகிய எதற்கும் கடைசி 'ஸ்' கிடையாது. எண்ணிக்கை சொல்லியாக வேண்டும் என்றால் 'டூ பீசஸ் ஆஃப் எக்விப்மெண்ட்' என்று எழுதலாம். 'ஸ்டாஃப்ஸ்' என்பதற்குப் பதில் 'ஸ்டாஃப் மெம்பர்ஸ்'.

வேற்றுமை உருபு செய்யும் வேலை

தமிழில் 'இல்' என்ற ஒரே உருபு தண்டையார்பேட்டையில், டி.எச். ரோட்டில், பன்னிரண்டாம் எண் வீட்டில், மேசையில், மே மாதத்தில் என்று எல்லா இடத்துக்கும் போய் வருகிறது. ஆங்கிலம் அதே வேலையை 'இன்', 'ஆன்', 'அட்' என்று மூன்றாகப் பிரித்துக்கொள்கிறது. பெரிய பரப்பின் உள்ளே இருந்தால் 'இன் தண்டையார்பேட்டை', ஒரு கோட்டின் மேல் அல்லது பரப்பின் மேல் இருந்தால் 'ஆன் டி.எச். ரோட்', குறிப்பிட்ட ஒரு புள்ளி என்றால் 'அட் நம்பர் 12'. காலத்துக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான்: 'இன் மே', 'ஆன் மண்டே', 'அட் ஃபைவ் ஓ கிளாக்'.

தமிழ் உருபை அப்படியே கொண்டுபோவதால் வரும் பிழைகள் இன்னும் உண்டு. 'விலையைப் பற்றிப் பேசினோம்' என்பது 'வீ டிஸ்கஸ்ட் அபௌட் தி ரேட்' என்று ஆகிறது. 'டிஸ்கஸ்' என்ற வினைக்குள்ளேயே 'பற்றி' இருப்பதால் 'அபௌட்' மிகை. 'துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்' என்பதில் உள்ள 'கு', 'ரீச்ட் டு தி ஹார்பர்' என்று வால் முளைக்கிறது. 'ரீச்ட் தி ஹார்பர்' போதும். 'கான்டாக்ட்', 'மென்ஷன்', 'எண்டர்', வினையாக வரும் 'ரிக்வெஸ்ட்', 'ஆன்சர்' ஆகியவையும் நேராகச் செயப்படுபொருளை எடுத்துக்கொள்பவை. தலைகீழாக, 'எனக்கு விளக்குங்கள்' என்பதை 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' என்று சுருக்கக் கூடாது. 'எக்ஸ்ப்ளெய்ன் திஸ் டு மீ' என்று 'டு' வந்தாக வேண்டும். 'அவரைவிட சீனியர்' என்பதில் உள்ள 'விட' நம்மை 'சீனியர் தேன் ஹிம்' என்று எழுத வைக்கிறது. சரியானது 'சீனியர் டு ஹிம்'. இவற்றுக்கு விதி தேடிப் பயனில்லை. வினையையும் அதன் பின்னால் வரும் சிறு சொல்லையும் ஒரே சொல்லாக மனப்பாடம் செய்துகொள்வதுதான் உண்மையில் நடக்கும் காரியம்.

வாக்கியங்கள் சேரும் இடம்

'ஏனென்றால்' என்று தொடங்கி 'அதனால்' என்று முடிப்பதும், 'இருந்தாலும்' என்று தொடங்கி 'ஆனால்' என்று திரும்புவதும் நம் பேச்சில் சாதாரணம். ஆங்கிலத்தில் ஒரு மூட்டுக்கு ஒரு இணைப்புச் சொல்தான். 'பிகாஸ் தி வெசல் வாஸ் டிலேட், ஸோ வீ குட் நாட் லோட்' என்பதில் 'பிகாஸ்', 'ஸோ' இரண்டில் ஒன்றை வெட்டுங்கள். 'ஆல்தோ', 'பட்' ஜோடிக்கும் இதே நீதி.

வாக்கியத்துக்குள் கேள்வி வரும்போது ஆங்கிலம் சொல் வரிசையைத் திருப்பிக்கொள்கிறது. 'வென் வில் தி வெசல் அரைவ்?' என்பது நேர்க் கேள்வி. அதையே 'ப்ளீஸ் லெட் மீ நோ' என்பதற்குப் பின்னால் வைத்தால் 'வென் தி வெசல் வில் அரைவ்' என்று எழுவாய் முன்னே வர வேண்டும். இங்கே 'வென்' என்பது 'எப்போது' என்று பொருள்படுவதால் 'வில்' இருக்கலாம். முன்பு சொன்ன 'வரும்போது' வேறு, இந்த 'எப்போது வரும்' வேறு. 'ஐ வாண்ட் டு நோ வாட் இஸ் தி ரேட்' என்பதையும் 'வாட் தி ரேட் இஸ்' என்று திருத்த வேண்டும்.

'கண்டெய்னர் வந்துவிட்டது, டெலிவரி ஆர்டர் அனுப்புங்கள்' என்று தமிழில் காற்புள்ளி போட்டு ஓட்டிவிடலாம். ஆங்கிலத்தில் முழு வாக்கியம் இரண்டைக் காற்புள்ளியால் மட்டும் ஒட்டவைக்க முடியாது. முற்றுப்புள்ளி வைத்து இரண்டாக்குங்கள்.

'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சத்துக்கும் அது கொண்டு முடியும் வினைக்கும் எழுவாய் ஒன்றே என்று பள்ளி இலக்கணத்தில் படித்திருப்போம். ஆங்கிலத்தில் 'ஆஃப்டர் செக்கிங்' போன்ற தொடர்களுக்கு அதே விதி இன்னும் கறாராகப் பொருந்தும். 'ஆஃப்டர் செக்கிங் தி சீல், தி கண்டெய்னர் வாஸ் மூவ்ட் டு தி யார்ட்' என்று எழுதினால், சீலைச் சரிபார்த்தது கண்டெய்னரே என்று ஆகிவிடும். 'ஆஃப்டர் தி சீல் வாஸ் செக்ட்' என்று மாற்றுங்கள், அல்லது சரிபார்த்த சர்வேயரை எழுவாயாக முன்னே கொண்டுவாருங்கள்.

ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மேற்கொம்புக் குறி (அபாஸ்ட்ரஃபி) இட்ட 'இட்ஸ்' என்பதை 'இட் இஸ்' என்று விரித்துப் படித்துப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் அந்தக் குறியை நீக்கிவிடுங்கள். குறி இட்ட 'யுவர்' என்பதை 'யூ ஆர்' என்று விரித்துப் பார்த்தால் அதற்கும் அதே சோதனை போதும்.

ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு

கண்டெய்னர் யார்டு ஒன்றில் டாக்குமெண்டேஷன் வேலைக்கு ஓர் இளைஞர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'ஸ்பெல்லிங் எல்லாம் செக் பண்ணிட்டேண்ணா, ஒருவாட்டி பார்த்துட்டுச் சொல்லுங்க' என்று நீட்டுவார். ஸ்பெல்லிங்கில் உண்மையிலேயே ஒரு குறையும் இருக்காது.

'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை பி.காம். இன் 2021. ஐ ஆம் வொர்க்கிங் இன் லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி சின்ஸ் த்ரீ இயர்ஸ். ஐ ஆம் ஹேவிங் குட் நாலெட்ஜ் இன் டாக்குமெண்டேஷன். ஐ ஹேட் கம் டு யுவர் ஆஃபீஸ் லாஸ்ட் ஃப்ரைடே பட் ஐ டிட் நாட் மெட் தி மேனேஜர். ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் டோல்ட் தட் தேர் இஸ் வேக்கன்சி. ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ.'

வினைச் சுற்றிலேயே பாதி வேலை முடிந்துவிடும். 2021 என்று காலம் சொல்லப்பட்டதால் 'ஹேவ்' போகிறது. 'ஆம் வொர்க்கிங்... சின்ஸ்' என்பது 'ஹேவ் பீன் வொர்க்கிங்... ஃபார்' ஆகிறது. 'ஆம் ஹேவிங்' 'ஹேவ்' என்று சுருங்குகிறது. 'ஹேட் கம்' என்பதைப் பார்த்து எதற்கு முன் என்று கேட்டால் விடை இல்லை, ஆகவே 'கேம்'. 'மெட்' 'மீட்' ஆகிறது. எழுவாய்ச் சுற்றில் 'ஃப்ரெண்ட்' பன்மையாகிறது. பெயர்ச்சொல் சுற்றில், கம்பெனிக்கும் வேக்கன்சிக்கும் முன்னால் 'எ' இல்லை என்பது தெரிகிறது; 'குட் நாலெட்ஜ்' என்பதற்கு முன்னாலும் 'எ' வருவது வழக்கம். உருபுச் சுற்றில் 'நாலெட்ஜ் இன்' என்பது 'நாலெட்ஜ் ஆஃப்' ஆகிறது; 'டோல்ட்' யாரிடம் சொன்னார் என்பதைக் கேட்கும் வினை என்பதால் 'டோல்ட் மீ' என்று நிரப்ப வேண்டும். கடைசி வாக்கியத்தில் உள்ள 'டு' பார்வைக்குச் சாதாரண 'டு'வைப் போல இருந்தாலும், 'லுக் ஃபார்வர்ட் டு' என்பது முழுவதும் ஒரே வினை. அதற்குப் பின்னால் பெயர்த்தன்மை கொண்ட 'ஹியரிங்' வர வேண்டும்.

'ஐ கம்ப்ளீட்டட் மை பி.காம். இன் 2021. ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் இன் எ லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி ஃபார் த்ரீ இயர்ஸ். ஐ ஹேவ் எ குட் நாலெட்ஜ் ஆஃப் டாக்குமெண்டேஷன். ஐ கேம் டு யுவர் ஆஃபீஸ் லாஸ்ட் ஃப்ரைடே பட் ஐ டிட் நாட் மீட் தி மேனேஜர். ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் டோல்ட் மீ தட் தேர் இஸ் எ வேக்கன்சி. ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ.'

அவருடைய சொற்கள் அவருடையனவாகவே இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். பிறர் கடிதத்தைத் திருத்தும்போது, அழகான ஆங்கிலமாக மாற்றித் தருகிறேன் என்று முழுவதையும் நம் நடையில் எழுதிவிட்டால், நேர்காணலில் அந்தக் கடிதத்துக்கும் அவர் பேச்சுக்கும் இடையே உள்ள தூரம் அவரைத்தான் இடறிவிடும்.

இப்போது மொபைலிலேயே இலக்கணம் பார்க்கும் செயலிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். பயன்படுத்துங்கள்; 'டிட் நாட் மெட்' போன்றவற்றை அவை நொடியில் காட்டிவிடும். ஆனால் 'ஐ ஹேட் கம்' என்பது வடிவத்தில் பிழையில்லாத தொடர். நீங்கள் சொல்ல வந்தது எது என்று செயலிக்குத் தெரியாததால், அது கண்டுகொள்ளாமல் போகலாம். 'எ லாரி'யா 'தி லாரி'யா என்பதும் அப்படியே. எந்த லாரி என்பது உங்களுக்கும் கடிதம் பெறுபவருக்கும் மட்டுமே தெரியும். செயலி சொல்லும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஏன் என்று கேட்டுவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். காரணம் புரியாத மாற்றத்தை யாரிடமாவது கேட்கும்வரை நிறுத்திவையுங்கள்.

திருத்தக் கூடாதவையும் இருக்கின்றன. 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' பழைய பாணி, அவ்வளவுதான். இலக்கணப் பிழை இல்லை. 'பிரிபோன்' (குறித்த நேரத்துக்கு முன்னதாக மாற்றிவைத்தல்) இந்திய ஆங்கிலத்தில் பிறந்து ஆங்கில அகராதிகளிலும் இடம்பிடித்துவிட்டது. மூத்த அதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்குவது நம் ஊர் மரியாதை. வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதினால் 'டியர் சார் ஆர் மேடம்' என்று மாற்றிக்கொள்ளலாம், மண்டல அலுவலகத்துக்கு எழுதும்போது மாற்ற வேண்டிய அவசியமில்லை.

திருத்தி முடித்ததும் அந்தத் தாளைத் தூக்கிப்போட்டுவிடாமல், பிழையான தொடரையும் திருத்திய தொடரையும் ஒரு நோட்டில் அருகருகே எழுதி, அடியில் மறைந்திருந்த தமிழ் வாக்கியத்தையும் குறித்துவையுங்கள். சில கடிதங்களுக்குப் பிறகு அந்த நோட்டைப் புரட்டினால், உங்கள் பிழைகள் நான்கைந்து வகைகளுக்குள் அடங்கிவிடுவதைக் காண்பீர்கள். ஒருவருக்கு 'ஹேட்' தொல்லை என்றால் இன்னொருவருக்கு 'தி'. அவசரமாக அனுப்ப வேண்டிய மின்னஞ்சலில் எல்லாச் சுற்றுக்கும் நேரம் இருக்காது. அப்போது அந்த நான்கைந்தை மட்டும் தேடிவிட்டு அனுப்புங்கள்.